‘12 லட்சம் வரை’ என்கிறது விளம்பரம். கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். சிறுசேரி சிப்காட்டில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கு வருடமாக ஜாவா டெவலப்பர். சி.டி.சி. (கம்பெனி எனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 7.2 லட்சம், கைக்கு மாதம் 51,000 வருகிறது. இரண்டு மாதம் முன்பு ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. ‘ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், 3 முதல் 8 வருட அனுபவம், 12 லட்சம் வரை, முன்னணி எம்.என்.சி., சென்னை, உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை’ என்று விளம்பரம் அனுப்பினார்கள். கம்பெனி பெயர் கேட்டதற்கு ‘கான்ஃபிடென்ஷியல்’ என்றார்கள். மூன்று ரவுண்டு முடிந்தபிறகு வந்த ஆஃபரில் சி.டி.சி. 9 லட்சம், அதில் 1.2 லட்சம் வேரியபிள் (நிச்சயமில்லாமல், கூடவோ குறையவோ வரும் பகுதி). சேரவேண்டியது வேறொரு பேரோல் கம்பெனியில் (ஆளை எடுத்துச் சம்பளம் போடும் கம்பெனி), ஒரு வருட காண்டிராக்ட். வேலை அம்பத்தூரில், வாரம் ஐந்து நாளும், மதியம் 2 முதல் இரவு 11 வரை. விளம்பரத்தில் இவை எதுவும் இல்லை. எனக்கு 90 நாள் நோட்டீஸ். ஆதார், பான், மூன்று மாத பே ஸ்லிப் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். இது மோசடியா? இதையெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது என்ன செய்யட்டும்?

பதில்: வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கம்பெனியில் பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா செய்யாதீர்கள். ஆஃபரை இப்போதைக்கு ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கீழே வரும் கேள்விகளை மெயிலில் அனுப்பி, பதில் கிடைத்த இரண்டு வேலை நாளுக்குள் முடிவு சொல்கிறேன் என்று எழுதுங்கள். மூன்று ரவுண்டு தேறியவரை இரண்டு நாள் தாமதத்துக்காகக் கைவிடுவது அரிது. கைவிட்டால், அந்த இடமே இன்னும் உறுதியாகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மோசடியா என்றால், போலீசுக்குப் போகிற அளவுக்கு இல்லை. பணம் கேட்கவில்லை, இன்டர்வியூ நடந்திருக்கிறது, ஆஃபர் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் உங்களிடம் தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்கான பட்ஜெட், யாருடைய பேரோல், எந்த ஷிஃப்ட், எந்த அலுவலகம் ஆகிய நான்கும் ஆள் தேடத் தொடங்கும்போதே ரெக்ரூட்டர் கையில் இருக்கும் விவரங்கள். அவை இல்லாமல் அவரால் தேடவே முடியாது.

தனியார் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ 2021 ஜனவரியிலிருந்தும், நியூயார்க் நகரம் 2022 நவம்பரிலிருந்தும், கலிஃபோர்னியா 2023 ஜனவரியிலிருந்தும் இதைக் கட்டாயமாக்கின. இன்டர்வியூவுக்கு முன்பே சம்பள விவரம் தெரிவிக்கவேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய உத்தரவை உறுப்பு நாடுகள் சட்டமாக்கக் கெடு 2026 ஜூன் 7. ஆகவே ஒரே பன்னாட்டு நிறுவனம் கலிஃபோர்னியா விளம்பரத்தில் டாலர் கணக்கைப் போட்டுவிட்டு, சென்னை விளம்பரத்தில் ‘கம்பெனி விதிப்படி’ என்று முடித்துக்கொள்ளலாம். இது நியாயமில்லை. ஆனால் சட்டம் வரும்வரை நாமாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். இதில் சின்ன அனுகூலம் ஒன்று உண்டு. கிளையன்ட், அதாவது நீங்கள் யாருக்காக வேலை செய்யப்போகிறீர்களோ அந்தக் கம்பெனியின் பெயர் தெரிந்ததும், அதே பதவிக்கு அவர்கள் அமெரிக்காவில் போட்டிருக்கும் விளம்பரத்தைத் தேடிப் படியுங்கள். ரூபாய்க் கணக்கு அதில் கிடைக்காது. ஆனால் அந்தப் பதவி எந்த லெவல், உண்மையில் என்ன வேலை என்பது இங்குள்ள விளம்பரத்தைவிட அதில் தெளிவாக இருக்கும்.

ரெக்ரூட்டர் யார் பக்கம்?

விளம்பரத்தைப் படிக்கும் முன் தெரிந்துகொள்ளவேண்டியது, அதை அனுப்பியவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பது. நிரந்தர வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்கு வழக்கமான கமிஷன் ஆண்டு சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். இது கூடவும் குறையவும் செய்யும். உங்கள் சம்பளம் ஏறினால் அவர்கள் கமிஷனும் ஏறும். அங்கே ரெக்ரூட்டர் ஓரளவுக்கு உங்கள் பக்கம்தான்.

காண்டிராக்ட் வேலையில் கணக்கு தலைகீழ். உதாரணத்துக்கு, உங்கள் நாற்காலிக்கு கிளையன்ட் மாதம் 1,20,000 ரூபாய் பில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஜி.எஸ்.டி. தனி). நடுவில் இருக்கும் வெண்டர் (ஆள் சப்ளை செய்யும் இடைக் கம்பெனி) 15,000 எடுத்துக்கொண்டால் பேரோல் கம்பெனிக்கு 1,05,000 வருகிறது. உங்களுக்கு அவர்கள் செலவழிப்பது 75,000. மீதி 30,000-ல் அவர்களுடைய நிர்வாகச் செலவும் லாபமும். நீங்கள் 65,000-க்குச் சம்மதித்தால் அவர்களுக்கு 40,000 மிச்சம். கிளையன்ட் கட்டும் தொகை மாறவே இல்லை. நடுவில் இன்னொரு வெண்டர் நுழைந்தால் அவர் பங்கும் உங்கள் பக்கத்திலிருந்துதான் குறையும்.

‘இது நிரந்தரமா, காண்டிராக்டா, யாருடைய பேரோல்?’ என்பதை முதல் போனிலேயே, சம்பளம் கேட்பதற்கும் முன்னால் கேட்கச் சொல்வது இதனால்தான். இதற்கான பதிலைப் பொறுத்து, ‘உங்கள் எதிர்பார்ப்பு என்ன?’ என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே மாறிவிடும். காண்டிராக்ட் என்று தெரிந்தால் தொகையை முதலில் நீங்கள் சொல்லாதீர்கள். ‘இந்த ரெக்வயர்மென்டுக்கு (கிளையன்ட் கேட்டிருக்கும் ஆள் தேவைக்கு) பட்ஜெட் எவ்வளவு?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

கிளையன்ட் பெயரைச் சொல்லத் தயங்குவதற்கு மட்டும் ஒரு நியாயமான காரணம் உண்டு. சொன்னால் நீங்கள் நேராக அங்கே விண்ணப்பித்துவிடலாம், அல்லது போட்டி கன்சல்டன்சிக்குச் செய்தி போய்விடலாம். முதல் போனில் சொல்லாததைக் குறையாக எடுக்கவேண்டியதில்லை. ஆனால் உங்கள் ரெஸ்யூமே கிளையன்டுக்குப் போவதற்கு முன் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு வெண்டர்கள் ஒரே ஆளை ஒரே கிளையன்டுக்கு அனுப்பினால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வரும். அதைத் தவிர்க்கப் பல இடங்களில் அந்த ஆளையே ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் மேல் தப்பில்லாமலே கதவு மூடிவிடும். ‘இன்ன கிளையன்டுக்கு, இன்ன ரெக்வயர்மென்ட் எண்ணுக்கு என் ரெஸ்யூமேயை அனுப்பச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி மெயில் கேட்பார்கள். கிளையன்ட் பெயர் இல்லாமல் அந்த மெயிலை யாருக்கும் கொடுக்காதீர்கள். யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

உங்கள் விளம்பரத்தையே எடுத்துப் படிப்போம்

‘12 லட்சம் வரை’. இதில் ‘வரை’ என்பதுதான் முக்கியமான சொல். 8 வருட அனுபவக்காரருக்கு அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடியது 12. நான்கு வருடக்காரருக்கு எவ்வளவு என்று விளம்பரம் வாயே திறக்கவில்லை. ‘3 முதல் 8 வருடம்’ என்ற அகலமான வரம்பு அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. மூன்று வருடக்காரரும் எட்டு வருடக்காரரும் ஒரே வேலை செய்வதில்லை. இப்படி வரும்போது இரண்டு மூன்று ரெக்வயர்மென்ட்களை ஒரே விளம்பரத்தில் கலந்திருக்கலாம், அல்லது வலையை விரித்து ரெஸ்யூமே சேர்க்கலாம். ‘என் அனுபவத்துக்கு, ஃபிக்ஸட் மட்டும், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு?’ என்று இரண்டு எண்களாகக் கேளுங்கள் (ஃபிக்ஸட் என்றால் வேரியபிள் சேராமல் மாதாமாதம் வருவது). ஒரே எண் வந்தால் அது உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை’ என்று போட்டுவிட்டு 90 நாள் நோட்டீஸ் இருக்கும் உங்களை மூன்று ரவுண்டு கூட்டிப்போனது, விளம்பரத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு அடையாளம். சேரும் தேதி அவர்களுக்கு அவ்வளவு அவசரமாக இருந்திருந்தால் முதல் போனிலேயே உங்களை விட்டிருப்பார்கள். நோட்டீஸை வாங்கிக்கொள்ள, அதாவது பை-அவுட்டுக்குத் தயாராக இருக்கிறார்களா, அந்தப் பணத்தை யார் கட்டுவது, பிறகு திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் பேசாமல் விட்ட கேள்விகள். பை-அவுட்டைத் திருப்பித் தரும் கம்பெனிகளில் பல, ‘ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுவதையும் திரும்பக் கட்டவேண்டும்’ என்று ஆஃபரில் ஒரு வரி சேர்த்திருக்கும். ஜாயினிங் போனஸுக்கும் இதே கதை.

‘முன்னணி எம்.என்.சி.’ என்றால் கிளையன்ட். சம்பளம் போடுபவர் எவர் என்பதை அது சொல்வதில்லை.

‘சென்னை’ என்பதும் ஒரு முகவரியாகாது. சிறுசேரி, சோழிங்கநல்லூர், தரமணி, கிண்டி, மணப்பாக்கம், அம்பத்தூர், மறைமலைநகர் பக்கம் மகேந்திரா சிட்டி என்று எல்லாமே விளம்பரத்தில் சென்னைதான். மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் போவதும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போவதும் ஒன்றா? நகரத்தின் தென்கோடியிலிருந்து மேற்குக்கோடிக்கு வாரம் ஐந்து நாள் போகவேண்டும். இரவு 11 மணிக்கு மேல் அங்கிருந்து பஸ்ஸை நம்பித் திரும்பமுடியாது. கம்பெனி கேப் உண்டா, மேடவாக்கம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். ‘கேப் உண்டு’ என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். இத்தனை கிலோமீட்டருக்குள்தான் என்று எல்லை வைத்திருப்பார்கள், அந்த எல்லை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும்.

ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் என்ற பெயரைத்தான் நான் மிகவும் சந்தேகத்தோடு பார்க்கிறேன், அதற்குக் காரணம் அந்த ஷிஃப்ட். மதியம் 2 முதல் இரவு 11 என்பது பிரிட்டனின் குளிர்கால நேரத்தில் காலை 8.30 முதல் மாலை 5.30. கிளையன்டின் அலுவலக நேரம் முழுவதும் நீங்கள் இருக்கையில் இருக்கவேண்டும் என்று பொருள். புதிதாகக் கோட் எழுதும் டீமுக்கு அவர்களோடு இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றாக இருந்தால் போதும். முழு நாளும் வேண்டும் என்றால் பெரும்பாலும் அது புரொடக்‌ஷன் சப்போர்ட். டிக்கெட் வரும், எடுத்துத் தீர்க்கவேண்டும், தீராவிட்டால் அழைப்பில் உட்காரவேண்டும். சப்போர்ட் வேலை கௌரவக்குறைவானது இல்லை. ஆனால் டெவலப்மென்ட் என்று சொல்லி அதில் உட்காரவைத்தால், இரண்டு வருடம் கழித்து உங்கள் ரெஸ்யூமேயில் எழுத ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க நேரான கேள்விகள் இருக்கின்றன. கிளையன்ட் பக்கத்து டெக்னிக்கல் ஆளிடம் கேளுங்கள், ரெக்ரூட்டருக்கு இவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜாவா எந்த வெர்ஷன்? இன்னும் 2014-ல் வந்த ஜாவா 8-லேயே ஓடுகிறது, 17-க்கோ 21-க்கோ மாற்றும் திட்டமும் இல்லை என்றால் அது பராமரிப்பு வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசியாக எப்போது ரிலீஸ் போனது, மாதத்துக்கு எத்தனை? இந்த இடத்தில் முன்பு இருந்தவர் வாரத்தில் எத்தனை நாள் புதுக் கோட் எழுதினார், எத்தனை நாள் டிக்கெட் பார்த்தார்? ஆன்-கால் உண்டா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? இந்த நான்குக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவர் மறைக்க எதுவும் இல்லாதவர்.

விளம்பரத்துக்குப் பின்னால் வேலையே இல்லாத சங்கதியும் நடக்கிறது. ஒரு புராஜெக்டைப் பிடிக்க டெண்டர் போடும் வெண்டர், ‘எங்களிடம் இத்தனை ஜாவா ஆட்கள் தயார்’ என்று காட்டுவதற்காக ரெஸ்யூமே திரட்டுவார். அதே விளம்பரம் மாதாமாதம் தேதி மட்டும் புதுப்பித்து வருகிறதா என்று பாருங்கள். ரெக்வயர்மென்ட் எண் என்ன, என்று திறந்தது, எத்தனை இடம், இன்டர்வியூ ஸ்லாட் எந்த நாள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

9 லட்சம் எப்படி 55,000 ஆகிறது

ஆஃபரில் சி.டி.சி. 9 லட்சம், வேரியபிள் 1.2 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிவு விவரம் அனுப்பாததால் வழக்கமான முறையில் பிரித்துக் காட்டுகிறேன், உங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பேசிக் சி.டி.சி.யில் 40 சதவீதம்: மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. வீட்டு வாடகைப் படி 1,44,000. முதலாளி பங்கு பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 43,200. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், 17,316. மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,000 என்று வைப்போம். வேரியபிள் 1,20,000. மிச்சம் 2,03,484 ஸ்பெஷல் அலவன்ஸ்.

மாதாமாதம் கணக்கில் ஏறுவது பேசிக் 30,000, வாடகைப் படி 12,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 16,957, மொத்தம் 58,957. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 3,600 போகும். சென்னை மாநகராட்சியின் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குச் சுமார் 208. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்குச் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி வராது. ஆகக் கைக்கு 55,149.

9 லட்சத்தை 12-ஆல் வகுத்து 75,000 என்று மனதில் போட்டிருப்பீர்கள். இப்போது வாங்குவதைவிட உண்மையில் கூடுவது மாதம் சுமார் 4,100 ரூபாய். அம்பத்தூருக்குப் போய்வரும் பெட்ரோலே அதைத் தின்றுவிடும்.

பி.எஃப். உங்கள் பணம்தான், தொலைந்துபோகாது. கிராஜுவிட்டி அப்படியில்லை. வழக்கமான பணியில் ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். ஒரு வருட காண்டிராக்டில் அதையும் சி.டி.சி.க்குள் சேர்த்துக் காட்டுவது வெறும் எண்ணைப் பெரிதாக்கும் வேலை. இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடப் பணிக்கே கிராஜுவிட்டி உரிமை தருகின்றன. நியமனக் கடிதத்தையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆகவே ‘நான் குறிப்பிட்ட கால ஊழியரா, உங்கள் நிரந்தரப் பணியாளராக இருந்து கிளையன்டுக்கு அனுப்பப்படுகிறேனா?’ என்று எழுத்தில் கேளுங்கள். முதலாவது என்றால் அந்த 17,316 ரூபாய் உங்களுடையதாக வாய்ப்புண்டு.

வேரியபிள் பற்றி மூன்று விஷயம் தெரியவேண்டும். எப்போது கொடுப்பார்கள், காலாண்டா ஆண்டா? எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? கொடுக்கும் தேதியில் பணியில் இருந்தால்தான் உண்டா? ஒரு வருட காண்டிராக்டில் வேரியபிள் ஆண்டு முடிந்தபின் வருகிறது என்றால், காண்டிராக்ட் முடிந்து நீங்கள் வெளியேறிய பிறகுதான் அந்தத் தேதியே வரும். அப்படியானால் அந்த 1.2 லட்சத்தைப் பூஜ்யம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பேரோல் கம்பெனியைச் சோதிப்பது

இதற்கு அரை மணி நேரம் போதும், ஒரு பைசா செலவில்லை. ஆஃபர் லெட்டரின் தலைப்பில் கம்பெனியின் சி.ஐ.என். எண் (கம்பெனிப் பதிவு எண்) இருக்கவேண்டும், கம்பெனிச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. 21 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில், மாநிலக் குறியீட்டுக்கு (தமிழ்நாடு என்றால் டி.என்.) அடுத்து வரும் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. ‘இருபது வருட அனுபவம்’ என்று இணையதளத்தில் போட்டுவிட்டு எண்ணில் 2023 என்றிருந்தால் விளக்கம் கேளுங்கள். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதே எண்ணைப் போட்டு, கம்பெனி செயல்பாட்டில் இருக்கிறதா, பதிவு முகவரி எது என்று பார்க்கலாம்.

இன்னும் பயனுள்ளது, பி.எஃப். நிர்வகிக்கும் அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் உள்ள ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்’. கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடி, அதன் விவரத்துக்குள் போய், பேமென்ட் விவரத்தைத் திறந்தால், மாதவாரியாக எத்தனை ஊழியருக்கு எவ்வளவு பி.எஃப். கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு மாத பி.எஃப்.பும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்படவேண்டும். அந்தத் தேதி அடிக்கடி தள்ளிப்போகும் கம்பெனியில் சம்பளமும் தள்ளிப்போகலாம். ஊழியர் எண்ணிக்கை ஆறு மாதமாக இறங்கிக்கொண்டே போனால் புராஜெக்ட்கள் கைவிட்டுப் போகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர் சற்று மாறினாலும் தேடல் காட்டாது. ஆஃபரில் உள்ள சட்டப்பூர்வப் பெயரையே போடுங்கள்.

பாண்டு (இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்) கையெழுத்து கேட்டால், ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி மூன்று வருடக் குறைந்தபட்சப் பணிக்கு வைத்த 2 லட்சம் ரூபாய் நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. தொகை, காலம், பயிற்சிச் செலவு எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒவ்வொரு வழக்கும் முடிவாகும். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் கம்பெனியிலும் ஒப்படைக்காதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

வெள்ளிக்கிழமை மெயில்

மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள், சாரத்தைச் சொல்கிறேன். கன்சல்டன்சிக்கும் பேரோல் கம்பெனி எச்.ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள், ஒருவரிடம் மட்டும் பேசினால் இன்னொருவர் மேல் பழி போகும். ‘ஆஃபருக்கு நன்றி. சம்பளப் பிரிவு விவரம், வேரியபிள் விதிமுறை, பணியின் தன்மை, ஷிஃப்டும் கேப் வசதியும், ஒரு வருடத்துக்குப் பின் கிளையன்ட் எடுத்துக்கொள்வதற்கான நிபந்தனை, இடையில் புராஜெக்ட் நின்றால் எத்தனை நாள் சம்பளம் உண்டு என்ற பெஞ்ச் விதி, விலகினால் நோட்டீஸ் எத்தனை நாள் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். விளம்பரத்தில் 12 லட்சம் வரை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். காண்டிராக்ட், மாலை ஷிஃப்ட், இடமாற்றம் ஆகியவற்றைக் கருதி, ஃபிக்ஸட் மாதம் 75,000 என்றால் பரிசீலிக்கத் தயார்.’

75,000 எங்கிருந்து வந்தது? புராஜெக்ட் நின்றால் வேலை போகும் என்ற ஆபத்தை நீங்கள் சுமக்கிறீர்கள், அதற்கு விலை வேண்டும். நிரந்தர வேலையை விட்டு காண்டிராக்டுக்குப் போகிறவர் கைக்கு வருவதில் குறைந்தது 30 சதவீதமாவது கூடுதலாகக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. 51,000-க்கு அது 66,000 ஆகிறது. ஷிஃப்டுக்கும் பயணத்துக்கும் ஐந்தாயிரம் கூட்டினால் 71,000. பேசிக் 30,000 ஆகவே இருந்தால், மாதம் 75,000 ஃபிக்ஸட் போட்டால்தான் பிடித்தம் போக அது வரும். ஆண்டுக்கு 9 லட்சம்; முதலாளி பங்கு பி.எஃப்., இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தாலும் அவர்களே விளம்பரத்தில் போட்ட 12 லட்சத்துக்குள் தாராளமாக அடங்குகிறது. பேராசை என்று யாரும் சொல்லமுடியாது.

போனில் கூப்பிட்டு, ‘அதெல்லாம் சேர்ந்தபிறகு பார்த்துக்கலாம் சார், நம்புங்க’ என்பார்கள். மரியாதையாக, ‘நீங்க சொன்னதையே ஒரு மெயில் போட்டுருங்க, உடனே பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். கோபப்படவேண்டாம். ஷிஃப்ட் சரிப்படாமல் இரண்டு மாதத்தில் விலகும் நிலை வரலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சேர்ந்தவர் முதல் 90 நாளுக்குள் போய்விட்டால் வேறு ஆளைத் தேடித் தரவேண்டிய ஒப்பந்தம் பல கன்சல்டன்சிகளுக்கு இருப்பதால், இதன் அர்த்தம் அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், கையெழுத்திட்ட திருத்திய ஆஃபர் லெட்டர், பேரோல் கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்தபிறகுதான் பேப்பர் போடவேண்டும். ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று தலைப்பிட்டு வருவது ஆஃபர் ஆகாது. ஃபிக்ஸட் 68,000-க்குக் கீழே நின்றுவிட்டால், அல்லது வேலை சப்போர்ட்தான் என்று தெரிந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிறுசேரியிலேயே இருந்து தேடுங்கள். நான்கு வருட ஜாவா அனுபவத்துக்கு இது கடைசி வாய்ப்பு இல்லை.

அடுத்த முறை ரெக்ரூட்டர் முதல் மெசேஜ் அனுப்பும்போதே, வாட்ஸ்அப்பில் இப்படிப் பதில் போடுங்கள்: ‘யாருடைய பேரோல், ஃபிக்ஸட் வரம்பு, எந்த அலுவலகம், வாரம் எத்தனை நாள், ஷிஃப்ட் நேரம். இந்த ஐந்தும் தெரிந்தால் இன்றே பேசலாம். என் நோட்டீஸ் 90 நாள்.’ பதில் சொல்பவர்களோடு மட்டும் பேசுங்கள். வரும் அழைப்புகள் பாதியாகக் குறையும். விட்டுப்போவதில் பெரும்பகுதி, நீங்கள் லீவு போட்டு இன்டர்வியூவுக்குப் போய் ஏமாந்திருக்கக்கூடியவை.

ஏற்கனவே கொடுத்துவிட்ட ஆவணங்கள்

முதல் நாள் ரெக்ரூட்டருக்கு ரெஸ்யூமே தவிர வேறெதுவும் தேவையில்லை. ஒரே ஆள் இருமுறை பதிவாகாமல் பார்க்க பான் எண் கேட்டால் கடைசி நான்கு எழுத்துகள் போதும். பே ஸ்லிப் ஆஃபர் பேச்சு தொடங்கும்போது, ஆதார் பின்னணிச் சரிபார்ப்பின்போது, அதுவும் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதார். யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். எண்ணை) கொடுக்கலாம், அதன் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் எக்காரணத்துக்கும் கொடுக்கக்கூடாது. லேப்டாப் டெபாசிட், டாக்குமென்ட் கட்டணம், ‘பேக்டோர்’ (குறுக்குவழி வேலை) என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. 1930 எண்ணிலும் சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுக்கலாம். சென்னை காவல் ஆணையரகத்தின் மத்தியக் குற்றப்பிரிவுக்கும் போகலாம்.

கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் கண்காணிக்க வழி இருக்கிறது. யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். ஆஃபர் வேண்டாம் என்று முடிவானால், உங்கள் ஆவணங்களை அழித்துவிட்டதாக மெயிலில் உறுதி கேளுங்கள். உங்கள் பான் எண்ணில் யாராவது கடன் எடுக்க முயன்றால் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத கடன் விசாரணை ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் அதைத் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகச் சேரும்.